ஃபார்ம்ல 'உறவுமுறை'ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அங்க நாங்க என்ன எழுதுறது?

நிலாமுற்றம்:
ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, முதல் தடவையா நானே ஒரு இழை ஆரம்பிக்கிறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு என் துணைவிய கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குடல்வால். நாங்க ரெண்டு பேரும் ஒம்போது வருஷமா ஒரே வீட்டுல குடும்பமா இருக்கோம். கவுன்ட்டர்ல ஃபார்ம் குடுத்தாங்க, நூல்ல கட்டின பேனா. பேரு, வயசு, விலாசம், ரத்த வகை எல்லாம் கடகடன்னு எழுதிட்டேன், 'நோயாளிக்கு என்ன உறவு'ங்கிற கட்டத்துக்கு வந்ததும் கை நின்னுடுச்சு. உள்ள அவ வலியில முனகுறது எனக்கு கேக்குது, நான் இங்க ஒரு வார்த்தைக்காக யோசிச்சிட்டு நிக்கிறேன். கடைசில 'தோழி'ன்னு எழுதினேன்.

அந்த ஒரு வார்த்தையால நான் யாரோ ஆயிட்டேன். "ஃப்ரெண்டு கையெழுத்து செல்லாதும்மா, சொந்தக்காரங்கள வரச்சொல்லுங்க"ன்னுட்டாங்க. அவளுக்கும் அவ அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்னு ஆறு வருஷம் ஆச்சு. அந்த அண்ணனுக்கு நான் போன் பண்ணி, அவர் எடுக்காம, திரும்பத் திரும்ப பண்ணி, அவர் வந்து சேர விடிஞ்சிடுச்சு. அதுக்குள்ள குடல்வால் வெடிச்சு வயித்துக்குள்ள சீழ் பரவிடுச்சு. மூணு நாள்ல வீட்டுக்கு வரவேண்டியவ பதினாறு நாள் படுத்திருந்தா.

ஆனா நான் எழுத வந்தது அந்த கையெழுத்து பத்தி மட்டும் இல்ல. அவளுக்கு மூணு நாளாவே வலி இருந்திருக்கு, எங்கிட்ட கூட மறைச்சிருக்கா. ஏன்டி சொல்லலன்னு அழுதுட்டே கேட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி அடிவயிறு வலிக்குதுன்னு ஒரு டாக்டர்கிட்ட தனியா போயிருக்கா, கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கான்னு கேட்டிருக்கார், இல்லன்னு சொல்லியிருக்கா, அவர் நம்பல, வெளிய அடுத்த நோயாளி நிக்கிற மாதிரி கதவு திறந்தே இருக்க நாலு தடவை அதையே கேட்டிருக்கார், கடைசில 'டாக்டர், என் துணை ஒரு பொண்ணு'ன்னு சொல்லிட்டா. அவர் பேனாவ மூடி வச்சிட்டு மனநல டாக்டர பாருங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்கார். வயித்த தொட்டுக்கூட பாக்கல. அன்னையில இருந்து ஆஸ்பத்திரின்னாலே வேண்டாம்னு இருந்திருக்கா.

இங்க இருக்கற மத்தவங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? நீங்க அந்த கட்டத்துல என்ன எழுதுறீங்க?

நேர்க்கோடு:
உங்க துணைவி நல்லபடியா தேறி வரட்டும். ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஆஸ்பத்திரிங்களுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்குற வேலைல இருக்கேன், அந்த ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் மாதிரி எத்தனையோ நானே செஞ்சிருக்கேன். கவுன்ட்டர்ல உக்காந்திருக்கறவங்க மேல இருந்து சொன்னபடி தான் செய்ய முடியும். அந்த டாக்டர் பண்ணினது தப்பு, அதுல மறுபேச்சே இல்ல. ஆனா பொதுவா பாத்தா டாக்டருக்கு எல்லா நோயாளியும் ஒண்ணு தானே, குடல்வால் எல்லாருக்கும் ஒரே இடத்துல தானே இருக்கு, இதுக்கு தனியா ஒரு ஏற்பாடு எதுக்குன்னு எனக்கு உண்மையாவே புரியல.

வேப்பங்காத்து:
நேர்க்கோடு, நீங்க நல்ல மனசோட கேக்குறீங்கன்னு தெரியுது, அதனால பொறுமையா சொல்றேன்.

நான் திருநம்பி. எல்லா ஆவணத்துலயும் ஆண்னு மாத்தியாச்சு, தாடி இருக்கு, குரல் உடைஞ்சு வருஷக்கணக்காச்சு. ஆனா எனக்கு கர்ப்பப்பை இருக்கு, கர்ப்பப்பை வாய் இருக்கு. அங்க புற்றுநோய் வருதான்னு பாக்குற டெஸ்ட் எனக்கும் வேணும். உங்க சாஃப்ட்வேர்ல 'ஆண்'னு டிக் பண்ணினா அந்த டெஸ்டுக்கான நினைவூட்டல் எனக்கு என்னைக்குமே வராது. நானா போய் கேட்டேன், மகளிர் நோய் பிரிவு வாசல்ல செக்யூரிட்டி "சார், ஆம்பளைங்க வெளிய உக்காருங்க, மனைவி பேரு சொல்லுங்க"ன்னார். சுத்தி இருந்த எல்லாரும் என்னை பாத்தாங்க. நோயாளியே நான் தாங்கன்னு சொல்ல வாய் வரல, மனைவி இன்னும் வரலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்படியே நாலு வருஷம் ஓடிருச்சு. எல்லாரையும் ஒண்ணா நடத்துறேன்னு சொல்ற உங்க ஃபார்ம் என் உடம்ப பாக்கவே இல்லங்க.

ஆய்வுக்கூடத்தான்:
லேப்ல பதினஞ்சு வருஷமா இருக்கேன், வேப்பங்காத்து சொல்றது சத்தியமான உண்மை. எங்க சிஸ்டத்துல 'ஆண்'னு இருக்கற நோயாளி பேர்ல கர்ப்பப்பை வாய் சாம்பிள் வந்தா பார்கோடே ஏறாது, தப்பான சாம்பிள்னு திருப்பி அனுப்பிடும். ஒரு தடவை அப்படி வந்தத நான் போன் போட்டு கேட்டு, கையால என்ட்ரி போட்டு ஓட்டினேன். எல்லாரும் போன் போட மாட்டாங்க, திருப்பி அனுப்பினதுல எத்தனை சாம்பிள் குப்பைக்கு போச்சோ.

ரத்த ரிப்போர்ட்டுலயும் இதே கதை தான். ஹீமோகுளோபின் எடுத்துக்கோங்க, ரத்தசோகைன்னு சொல்ற கோடு ஆணுக்கு 13-க்கு கீழ, பொண்ணுக்கு 12-க்கு கீழ. டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் எடுக்குற திருநம்பிக்கு அந்த அளவு ஆண்களோட அளவுக்கு ஏறிடும், ஃபைல்ல பொண்ணுன்னு இருந்தா 'அதிகம்'னு சிவப்புல அடிச்சு வரும், பாக்குறவங்க பயந்துடுவாங்க. சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு கிரியாட்டினின வச்சு போடுற கணக்குலயும் ஆணா பொண்ணான்னு ஒரு பெருக்கல் இருக்கு, அதை வச்சு தான் சில மருந்தோட டோஸே முடிவாகுது. எங்களுக்கு வர்ற சீட்டுல ஒரே ஒரு எழுத்து தான் இருக்கும், ஆ இல்லன்னா பெ.

மருந்துச்சீட்டு:
நான் பொது மருத்துவர். நிலாமுற்றம், முதல்ல உங்களுக்கு. மேஜர் ஆன, நினைவோட இருக்கற ஒருத்தர் தன் ஆபரேஷனுக்கு தானே சம்மதம் குடுக்கலாம். உங்க துணைவி வலியில இருந்தாலும் பேசிட்டு இருந்தாங்கன்னா அவங்க கையெழுத்தே போதும். சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்ங்கிறது பின்னாடி வம்பு வரக்கூடாதுன்னு ஆஸ்பத்திரிங்க வச்சிக்கிட்ட பழக்கம். உயிருக்கு ஆபத்துன்னா யாரோட கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. அன்னைக்கு உங்கள காக்க வச்சது தப்பு.

மனநல டாக்டருக்கு சீட்டு எழுதினது அதைவிட பெரிய தப்பு. தன்பாலீர்ப்பு நோய் இல்லன்னு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லயே பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி ஜான் ஃப்ரையர்னு ஒரு மனநல மருத்துவர், முகமூடி போட்டுக்கிட்டு, மைக்ல குரலையும் மாத்திக்கிட்டு, அந்த சங்கத்தோட மாநாட்டு மேடைல ஏறி நான் ஓர் தன்பாலீர்ப்பாளன், நானும் உங்கள மாதிரி மனநல மருத்துவன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு, பேர சொன்னா வேலை போயிடும். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல எடுத்துச்சு. மாறிய பாலின அடையாளத்தையும் மனநோய் பகுதியில இருந்து எடுத்து பாலியல் நலம்ங்கிற பகுதிக்கு மாத்தின புது நோய்ப்பட்டியல் 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. இவ்வளவு நடந்த பிறகும் அந்த டாக்டர் அப்படி எழுதினார்னா அவர் படிச்ச காலத்தோட நின்னுட்டார்னு தான் அர்த்தம்.

படிப்பு பத்தி சொல்றேன். 2011-ல அமெரிக்கா, கனடா மருத்துவக் கல்லூரிகள்கிட்ட ஒரு ஆய்வுல கேட்டாங்க, மொத்த மருத்துவப் படிப்புலயும் பால்புதுமையினர், அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் மாதிரியானவங்க உடல்நலத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குறீங்கன்னு. நடுமதிப்பு 5 மணி நேரம். மூணுல ஒரு பங்கு கல்லூரில நோயாளிய நேர்ல பாத்து கத்துக்குற வருஷங்கள்ல பூஜ்யம். நான் படிச்சப்ப எனக்கு அந்த அஞ்சு மணி நேரமும் கிடையாது. முதல்ல வந்த திருநங்கை நோயாளிகிட்ட நான் கத்துக்கிட்டதுதான் என் படிப்பு, அவங்க மூச்சு வாங்குதுன்னு வந்தாங்க, நான் ஹார்மோன் பத்தியே அரை மணி நேரம் கேட்டுட்டு இருந்தேன், அவங்களுக்கு இருந்தது சாதாரண நிமோனியா. அதை நினைச்சா இன்னைக்கும் கூசுது. கை ஒடிஞ்சு வந்தாலும் ஹார்மோனால தான்னு சொல்ற டாக்டருங்கன்னு திருநர் மக்கள் சொல்லுவாங்க, அதுல நானும் ஒருத்தனா இருந்திருக்கேன்.

நேர்க்கோடு:
லேப் விஷயம் எனக்கு புதுசு. உண்மைய சொல்லணும்னா அந்த ஆ/பெ ஃபீல்டு நாங்க பில்லுக்கும் வார்டு ஒதுக்குறதுக்கும் தான் வச்சோம், அதை வச்சு மருந்து டோஸ் வரைக்கும் போகும்னு யாரும் எங்களுக்கு சொல்லல. ஆனா ஒரு சந்தேகம், இந்த மாதிரி நோயாளிங்க எத்தனை பேர் இருப்பாங்க? கொஞ்சம் பேர் தானே?

வேப்பங்காத்து:
கேக்கவே கேக்காத ஃபார்ம வச்சு எத்தனை பேர்னு எப்படிங்க எண்ணுவீங்க?

பழையபேனா:
நிலாமுற்றம் எழுதினத படிச்சதும் எனக்கு 2007-ல மயாமில நடந்தது ஞாபகம் வந்துச்சு. லிசா பாண்ட்னு ஒரு அம்மா, குடும்பத்தோட கப்பல் பயணம் கிளம்புற நேரத்துல மூளைல ரத்தக்கசிவு வந்து விழுந்துட்டாங்க. பதினெட்டு வருஷ துணைவி ஜானிஸ் லாங்பென், கூட அவங்க பிள்ளைங்க மூணு பேர். மருத்துவ முடிவு எடுக்க லிசா எழுதி வச்ச அதிகாரப் பத்திரத்த ஊர்ல இருந்து ஃபேக்ஸ்ல வரவழைச்சும் குடுத்தாங்க. அப்படியும் எட்டு மணி நேரம் வெளிய தான் உக்கார வச்சாங்க. லிசா இறந்துட்டாங்க, பிள்ளைங்களால அம்மாவ நல்லபடியா வழியனுப்பக்கூட முடியல. 2010-ல ஒபாமா ஒரு உத்தரவு போட்டார், அரசு காப்பீட்டு பணம் வாங்குற ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் யார் வந்து பாக்கணும்ங்கிறத நோயாளி தான் சொல்லணும், பாலீர்ப்பு, பாலின அடையாளம் பாத்து தடுக்கக்கூடாதுன்னு, அதை ஜானிஸுக்கு அவரே போன் பண்ணியும் சொன்னார். பத்திரம் எழுதி வைங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், உங்க நாட்டுல எந்த பத்திரம் செல்லும்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டு எழுதி ரெண்டு பேர் போன்லயும் போட்டோ எடுத்து வைங்க. ஆனா பத்திரம் கையில இருந்தும் கதவு திறக்கலன்னா குத்தம் பத்திரத்துல இல்ல.

செம்பருத்தி:
வணக்கம் கண்ணுங்களா, எனக்கு அம்பத்தி மூணு வயசு, திருநங்கை. நிலாமுற்றம் கண்ணு, நீ தோழின்னு எழுதினியே, நாங்க அந்த கட்டத்த காலியா விட்டுட்டு வந்தவங்க, எழுத யாரும் இருந்ததில்ல.

எங்க காலத்துல ஹார்மோனுக்குன்னு டாக்டர் யாரும் பாக்க மாட்டாங்க. மருந்துக்கடைல கருத்தடை மாத்திரைய வாங்கி, மூத்தவங்க சொன்ன கணக்குல ஒரு நாளைக்கு நாலு அஞ்சுன்னு போடுவோம். நெஞ்சு சீக்கிரம் வளரும்னு ஆசை. ஒருத்தி கால் வீங்கி சிவந்து போச்சு, நடந்தா சரியாயிடும்னு நடக்க வச்சோம், மூணாவது நாள் மூச்சு நின்னு செத்துப்போனா. இருபத்தஞ்சு வயசு. ரத்தம் கட்டியாகி நுரையீரல அடைச்சிருச்சுன்னு ரொம்ப வருஷம் கழிச்சு தான் எனக்கு ஒரு டாக்டரம்மா சொல்லி புரிஞ்சுது. அவள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகாததுக்கு காரணம் கேளுங்க, முந்தின மாசம் வேற ஒருத்திய கூட்டிட்டு போனப்ப ஆண்கள் வார்டுல படுக்க வச்சு, ராத்திரி முழுக்க வேடிக்கை பாக்க ஆளுங்க வந்துட்டே இருந்தாங்க. அந்த கட்டில்ல படுக்குறதுக்கு இவ வீட்லயே இருந்துக்குறேன்னா.

மருந்துச்சீட்டு:
செம்பருத்தி அம்மா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல.

இப்ப படிக்கிற சின்னப் பிள்ளைங்களுக்காக சொல்றேன், கருத்தடை மாத்திரைல இருக்கற எத்தினைல் எஸ்ட்ராடியோல் ரத்தம் உறையுற ஆபத்த நல்லாவே கூட்டும், அதனால தான் பாலின மாற்ற சிகிச்சைல இப்ப அதை பயன்படுத்துறதில்ல, எஸ்ட்ராடியோல் தான் குடுக்குறாங்க, தோல்ல ஒட்டுற பட்டை, ஜெல்னா ஆபத்து இன்னும் குறைவு. ஆண் ஹார்மோன தடுக்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை போடுறவங்க பொட்டாசியம் அளவ ரத்தத்துல பாத்துட்டே இருக்கணும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்கினா நேரா அவசர சிகிச்சைக்கு போங்க, ஹார்மோன் எடுக்குறத தயவு செஞ்சு மறைக்காதீங்க. தானா வாங்கி போடுறவங்கள திட்டுற டாக்டருங்க இருக்காங்க, நான் திட்ட மாட்டேன், முறையா குடுக்குற இடத்த நாம மூடி வச்சா அவங்க கிடைச்ச வழியில தான் போவாங்க.

அம்மா, உங்களுக்கு ஒண்ணு. ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் புராஸ்டேட் சுரப்பிய எடுக்கறதில்ல, அது உள்ளயே தான் இருக்கும். புராஸ்டேட் புற்றுநோய்க்காக பாக்குற பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் எடுத்தா 4 வரைக்கும் பரவாயில்லன்னு பொதுவா பாப்பாங்க, ஈஸ்ட்ரோஜன் எடுக்கறவங்களுக்கு அந்த அளவு இயல்பாவே இறங்கிடும், அதனால 1-ஐ தாண்டினாலே கவனிக்கணும். உங்க வயசுக்கு இதை ஒரு டாக்டர்கிட்ட பேசுங்க.

செம்பருத்தி:
இத்தனை வருஷத்துல இதை யாரும் எனக்கு சொன்னதில்ல சாமி. நீ நல்லா இருக்கணும்.

கடலோரன்:
நான் தன்பாலீர்ப்பாளன். எங்களுக்கு வேற மாதிரி பிரச்சனை, டாக்டர்கிட்ட சொன்ன உடனே எதுக்கு வந்திருந்தாலும் ஹெச்ஐவி டெஸ்ட் மட்டும் தான் எழுதுவாங்க. தலைவலிக்கு போனேன், ஹெச்ஐவி. தோள்பட்டை பிடிச்சிருக்குன்னு போனேன், ஹெச்ஐவி. டெஸ்ட் எடுக்குறது நல்லது, நானே மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்குறேன், ஆனா தோள்பட்டைய யாராவது பாருங்களேன்.

அதே சமயம் உண்மைல சொல்ல வேண்டியத சொல்லவே மாட்டாங்க. பிரெப்னு ஹெச்ஐவி வராம முன்கூட்டியே போடுற தடுப்பு மாத்திரை 2012-லயே அமெரிக்கால அனுமதி வாங்கிடுச்சு, நான் அதை தெரிஞ்சுக்கிட்டது ஒரு நண்பன் மூலமா, அதுவும் 2020-ல. ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி போதும்ங்கிற லெனகாபவிர் 2025 ஜூன்ல அங்க அனுமதியாச்சு, எல்லா ஊருக்கும் எப்ப வந்து சேரும்னு பாக்கணும். ஹெச்ஐவி தொத்தியிருக்குமோன்னு பயப்படுற மாதிரி ஏதாவது நடந்துட்டா 72 மணி நேரத்துக்குள்ள பெப்ங்கிற தடுப்பு மருந்த ஆரம்பிச்சு 28 நாள் போடலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. என் நண்பன் ஒருத்தன் வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்ததுக்கு கேள்வி கேப்பாங்களேன்னு கூச்சப்பட்டு செவ்வாய்க்கிழமை தான் போனான், நேரம் தாண்டிடுச்சுன்னு அனுப்பிட்டாங்க. அவன் இப்ப மருந்து எடுத்துக்கிட்டு நல்லா இருக்கான், ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிடுச்சு, அப்படி இருந்தா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்கு பரவாது. 2019-ல வந்த பார்ட்னர் ஆய்வுல ஒருத்தருக்கு மட்டும் ஹெச்ஐவி இருந்து இந்த மாதிரி மருந்து எடுக்குற 782 ஆண் ஜோடிங்கள தொடர்ந்து பாத்தாங்க, ஆணுறை இல்லாம 76,000 தடவைக்கு மேல, துணைகிட்ட இருந்து ஒருத்தருக்கும் பரவல. இவ்வளவு தெளிவா தெரிஞ்ச பிறகும் அவனுக்கு பல் பிடுங்க டாக்டர் கிடைக்கல, மூணு இடத்துல திருப்பி அனுப்பினாங்க. கடைசில சொத்தைப் பல்லோட எட்டு மாசம் இருந்தான்.

மருந்துச்சீட்டு:
கடலோரன் சொன்னதோட ஒரு விஷயம் சேக்குறேன், உடலுறவுக்கு முன்னாடி ரெண்டு, அடுத்த நாள் ஒண்ணு, அதுக்கு அடுத்த நாள் ஒண்ணுன்னு தேவைப்படும்போது மட்டும் பிரெப் போடுற முறை, ஈஸ்ட்ரோஜன் எடுக்கற திருநங்கைகளுக்கு பரிந்துரைக்கப்படல. அவங்க தினமும் போடுற முறையில இருக்கறது நல்லது.

கல்கண்டு:
என் பொண்ணு லெஸ்பியன், இருபத்தெட்டு வயசு. அவளுக்கு ஆண்களோட பழக்கம் இல்லாததால கர்ப்பப்பை வாய் டெஸ்ட் வேண்டாம்னு ஒரு நர்ஸ் சொன்னாங்களாம். சரி தானா? அவகிட்ட இதை எல்லாம் எப்படி பேசுறதுன்னு எனக்கு தெரியாம தான் இருந்தேன், இந்த இழைய படிச்சப்புறம் நேத்து தான் முதல் தடவையா கேட்டேன், ரெண்டு பேரும் அழுதுட்டோம்.

மருந்துச்சீட்டு:
சரி இல்லங்க. அந்த புற்றுநோய உண்டாக்குற ஹெச்பிவி வைரஸ் தோலோட தோல் உரசினாலே பரவும், பொண்ணுங்களுக்குள்ளயும் பரவும். டெஸ்ட் கண்டிப்பா எடுக்கணும், ஹெச்பிவி தடுப்பூசி போடலன்னா அதையும் கேளுங்க. உங்களுக்கு தேவையில்லன்னு டாக்டர், நர்ஸ் வாயாலயே சொல்லி அனுப்பப்பட்ட பொண்ணுங்க நிறைய பேர்.

நிலாமுற்றம்:
கல்கண்டு அம்மா, எங்க ரெண்டு பேரோட அம்மாவும் இந்த கேள்விய கேட்டதில்ல. உங்க பொண்ணு குடுத்து வச்சவ.

நேர்க்கோடு:
மூணு நாளா இதை படிச்சிட்டு இருக்கேன். ஆரம்பத்துல எல்லாரும் ஒண்ணு தானேன்னு எழுதினது நான் தான், இப்ப அதை படிச்சா கஷ்டமா இருக்கு. எங்க டீம்ல அடுத்த மாசம் ரிஜிஸ்ட்ரேஷன் பக்கத்த புதுசா பண்றோம். என்ன ஃபீல்டு வைக்கணும்னு சொல்லுங்க, நான் எடுத்துட்டு போய் பேசுறேன். பிறந்தப்ப போட்ட பாலினம் என்ன, இப்ப என்னன்னு ரெண்டு கேள்வி வச்சா போதுமா?

செம்பருத்தி:
கண்ணு, அந்த ரெண்டு கேள்விய கவுன்ட்டர்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தமா கேட்டா நான் டோக்கன வச்சிட்டு திரும்பி போயிடுவேன்.

வேப்பங்காத்து:
நானும் தான். லேப்புக்கு வேணும்ங்கிறது எனக்கு புரியுது, நான் தான் முதல்ல கேட்டேன், ஆனா அந்த தகவல் யார் யார் ஸ்கிரீன்ல தெரியும்? பில் போடுறவர், வார்டு பையன், இன்சூரன்ஸ்காரங்க எல்லாருக்குமா? 60-க்கும் மேற்பட்ட நாடுகள்ல தன்பால் உறவு இன்னும் குற்றம், உகாண்டால 2023-ல வந்த சட்டத்துல சில விஷயங்களுக்கு மரண தண்டனை வரைக்கும் இருக்கு. அந்த மாதிரி இடத்துல ஃபைல்ல எழுதி வைக்கிறது ஆளையே காட்டிக் குடுக்குற மாதிரி. எழுதலன்னா எனக்கு டெஸ்ட் வராது, எழுதினா என் பேர் வெளிய போகும், ரெண்டுக்கும் நடுவுல தான் நாங்க நாலு வருஷம் ஆஸ்பத்திரி பக்கம் போகாம இருக்கோம்.

ஆய்வுக்கூடத்தான்:
லேப்புக்கு நீங்க யாருன்னு தெரியவே வேண்டாம். எந்த உறுப்பு இருக்கு, ஹார்மோன் எடுக்குறாங்களா, எந்த அளவோட ஒப்பிடணும், இவ்வளவு தான் தேவை. கர்ப்பப்பை இருக்கு/இல்ல, புராஸ்டேட் இருக்கு/இல்லன்னு டாக்டர் தன் அறைல போடுற ஒரு பட்டியல் இருந்தா, நினைவூட்டல் அதுல இருந்து போகட்டும். கர்ப்பப்பை எடுத்துட்ட பெண்களுக்கும் தேவையில்லாம டெஸ்டுக்கு கூப்பிடுறது நிக்கும், இது எல்லாருக்குமே நல்லது தான்.

இருவாசல்:
நான் ஊடுபால், பிறந்தப்பவே ரெண்டு வட்டத்துக்குள்ளயும் அடங்காத உடம்பு. நினைவு தெரியறதுக்கு முன்னாடியே என்னை ஒரு வட்டத்துக்குள்ள அடக்க ஆபரேஷன் பண்ணிட்டாங்க, அதோட தழும்பும் வலியும் இன்னும் இருக்கு. மால்டா 2015-லயே இதை தடை பண்ணின நாடு. உறுப்புப் பட்டியல் வச்சா எங்களுக்கும் பொருந்தும், என்ன ஆபரேஷன் நடந்ததுன்னு எழுத ஒரு இடமும் விடுங்க, எங்கள்ல பல பேருக்கு அந்த பழைய ஃபைலே கிடைக்கல.

கல்கண்டு:
கூப்பிடுற பேரு. அதை மறந்துடாதீங்க தம்பி. என் பொண்ணோட ஃப்ரெண்டு ஒரு திருநங்கைப் பிள்ளை, வெயிட்டிங் ஹால்ல பழைய பேர மைக்ல கூப்பிட்டதும் எழுந்திருக்காம அப்படியே உக்காந்திருந்து, மூணு தடவை கூப்பிட்டுட்டு அடுத்தவங்கள கூப்பிட்டுட்டாங்களாம். நான் பக்கத்துல தான் இருந்தேன், பிள்ளை முகத்த பாத்தேன், செருப்ப பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா.

மருந்துச்சீட்டு:
இதுக்கு ஆய்வே இருக்குங்க. 2018-ல அமெரிக்கால 129 திருநர் இளைஞர்கள்கிட்ட எடுத்தது, வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள்னு நாலு இடம் வச்சு கேட்டாங்க, தான் தேர்ந்தெடுத்த பேர்ல கூப்பிடுற இடம் ஒண்ணு கூடினாலே தற்கொலை எண்ணம் 29% குறைஞ்சிருந்துச்சு. சின்ன ஆய்வு தான், ஆனா ஒரு பேருக்கு இவ்வளவு பலம். பால்புதுமையினருக்கு மன அழுத்தம், புகைபிடிக்கிறது எல்லாம் ஏன் அதிகமா இருக்குன்னு கேட்டா பிறவிலயே அப்படின்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. இலான் மேயர்ங்கிற ஆய்வாளர் 2003-ல எழுதினது தான் இப்ப பெரும்பாலும் ஏத்துக்குறது, எப்ப யார் என்ன சொல்லுவாங்கன்னு எதிர்பாத்துக்கிட்டே, மறைச்சுக்கிட்டே வாழற அந்த கூடுதல் சுமை தான் உடம்பையும் மனசையும் அரிக்குது.

அதுல காசு பாத்தவங்களும் உண்டு. 1990-கள்ல ஒரு அமெரிக்க சிகரெட் கம்பெனி சான் பிரான்சிஸ்கோல தன்பாலீர்ப்பாளர்களையும் வீடில்லாதவங்களையும் குறிவச்சு விக்க திட்டம் போட்டு, அந்த திட்டத்துக்கு 'கசடு'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரும் வச்சிருந்துச்சு. வழக்குகளால வெளிய வந்த அவங்க சொந்த ஆவணத்துல இருக்கு.

நேர்க்கோடு:
இன்னைக்கு மீட்டிங் முடிஞ்சுது, நடந்தத அப்படியே சொல்றேன். கூப்பிட வேண்டிய பேருக்கு தனி ஃபீல்டு, அதை தான் டோக்கன் ஸ்கிரீன்லயும் மைக்லயும் காட்டணும்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. 'உறவுமுறை' லிஸ்ட்ல துணைன்னு ஒண்ணு, அதுக்கு கீழ 'அவசரத்துக்கு யார கேக்கணும்னு நோயாளி சொல்றவர்'னு உறவே கேக்காத ஒரு ஃபீல்டு, இதுக்கும் சரின்னாங்க. உறுப்புப் பட்டியலுக்கு டாக்டருங்க கமிட்டி பாக்கணும்னு தள்ளிட்டாங்க. டாக்டர் அறைல மட்டும் தெரியற மாதிரி பூட்டு போடுறத இப்போதைக்கு முடியாதுன்னுட்டாங்க, அது இல்லாம அந்த ரெண்டு கேள்விய வைக்க மாட்டேன்னு நான் சொல்லிட்டேன், அதனால ஆ/பெ இன்னும் அப்படியே தான் இருக்கு. வேப்பங்காத்து, உங்களுக்கு ஆக வேண்டியது இதுல ஆகல. விட மாட்டேன், அடுத்த மாசம் திரும்ப கேப்பேன்.

வேப்பங்காத்து:
நீங்க கேட்டதே பெருசுங்க.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். மருந்துச்சீட்டு தனிமடல்ல சொன்னார், டெஸ்டோஸ்டிரோன் எடுக்கறவங்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் பகுதி மெலிஞ்சு வறண்டு போறதால அங்க சுரண்டி எடுக்குற பழைய பேப் ஸ்மியர் சாம்பிள் சரியா அமையாம போறது ரொம்ப அதிகம், ஒரு ஆய்வுல திருநம்பிகளுக்கு நூத்துக்கு பதினோரு பேர் கிட்ட, பெண்களுக்கு ஒண்ணு சொச்சம் தான். திரும்ப வந்து எடுங்கன்னு சொன்னா எங்கள்ல பாதி பேர் போக மாட்டோம். ஹெச்பிவி டெஸ்டுக்கு நாமளே ஒரு குச்சி பஞ்சுல சாம்பிள் எடுத்து குடுக்கலாமாம், உலக சுகாதார நிறுவனமும் இதை ஏத்துக்குது. இங்க ஒரு இடத்துல அதை செய்றாங்கன்னு தெரிஞ்சு போன் பண்ணினேன். குரல் கேட்டுட்டு "யாருக்கு சார்?"னாங்க. எனக்குத்தான்னு சொன்னேன். ஒரு நொடி சத்தம் இல்ல. அப்புறம் வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு வாங்கன்னாங்க.

நிலாமுற்றம்:
யார் கூட வர்றாங்க?

வேப்பங்காத்து:
யாரும் இல்ல. தனியா தான். வாசல் வரைக்கும் போயிடுவேன், அதுக்கப்புறம் தான் தெரியல.

நிலாமுற்றம்:
எந்த ஊருன்னு தனிமடல்ல போடுங்க. இவ தையல் எல்லாம் ஆறிடுச்சு, நல்லா நடக்குறா, இப்ப என் பக்கத்துல உக்காந்து தான் படிச்சிட்டு இருக்கா, வியாழக்கிழமை லீவு போடுன்னு அவளே சொல்றா. பக்கமா இருந்தா ரெண்டு பேரும் வந்துடுறோம், தூரமா இருந்தா செம்பருத்தி அம்மாகிட்ட கேப்போம்.

செம்பருத்தி:
எங்கிட்ட எதுக்கு கேக்கணும், ஊர சொல்லு கண்ணு. எந்த ஊர்னாலும் எனக்கு ஒரு பொண்ணு இருப்பா.

வேப்பங்காத்து:
தனிமடல் பாருங்க.